ஃபிரான்சைஸ் எடுக்கும் முன்: கூகுள் மேப்பில் உங்கள் கடைக்கு ஓனர் யார்?

டீக்கடை, பிரியாணி, ஐஸ்கிரீம் என்று எந்த பிராண்டின் கிளை எடுத்தாலும் பேரம் நடப்பது அட்வான்ஸிலும் ராயல்டியிலும்தான் (பிராண்ட் பேருக்காகக் கம்பெனிக்குக் கட்டும் தொகை). அக்ரிமென்ட்டில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்றொரு பகுதி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கடை திறக்கிற வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வருவான். போர்டையும் கல்லாவையும் வீடியோ எடுத்து கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பான். உங்கள் ஜிமெயிலுக்கும் அழைப்பு வரும். ஆனால் அதில் நீங்கள் வெறும் ‘மேனேஜர்’. ‘பிரைமரி ஓனர்’ கம்பெனி ஐடி. மேனேஜர் போட்டோ போடலாம், ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். வேறு ஆளைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மூன்று வருஷம் கழித்து ரினிவலில் தகராறு வந்தால் போன் நம்பரைத் தலைமை அலுவலக நம்பராக மாற்றிவிடுவார்கள், இல்லையென்றால் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று போட்டுவிடுவார்கள். அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கும், மேப்பில் கடை செத்துப்போயிருக்கும். கூகுளிடம் உரிமை கேட்டு விண்ணப்பித்தால் அங்கே இருக்கும் ஓனருக்கு 3 நாள் அவகாசம் தருவார்கள். அவர் மறுத்துவிட்டால் அலைச்சல்தான்.

மேப்பில் கடையைத் திறந்து, மூன்று புள்ளி, ‘பிசினஸ் ப்ரொஃபைல் செட்டிங்ஸ்’, ‘பீப்பிள் அண்ட் ஆக்சஸ்’ போங்கள். உங்கள் பேருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது ‘ஓனர்’ என்றாவது இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப்படும் ஓனருக்கு முதல் 7 நாள் சில வசதிகள் திறக்காது. அதனால் சண்டை வந்தபின் கேட்டுப் பயனில்லை, திறப்பு விழாவுக்கு முன்பே கேளுங்கள்.

அடுத்தது விளம்பர நிதி, அதாவது பிராண்டின் விளம்பரத்துக்கென்று கம்பெனி உங்களிடம் வாங்கும் பணம். ‘மொத்த விற்பனையில் 2 சதவீதம்’ என்று இருந்தால் மாதம் 4 லட்சத்துக்கு 8,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,440. ஆக 9,440. உணவகம் 5 சதவீத ஜிஎஸ்டியில் இருந்தால் உள்ளீட்டு வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது, அந்த 1,440 அப்படியே கைநஷ்டம். இதைவிட மோசம் ‘மொத்த விற்பனை’ என்ற சொல். ஸ்விகி, சொமாட்டோ கமிஷன் பிடித்தது போக உங்களுக்கு வருவது ஒரு தொகை, நிதிக்குக் கணக்குப் போடுவது இன்னொரு தொகை. ‘வங்கியில் வரவான தொகையில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். அந்த நிதியில் உங்கள் ஊருக்கு எவ்வளவு செலவானது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தரவும் எழுதி வாங்குங்கள். பல அக்ரிமென்ட்களில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

சரி, நாமே விளம்பரம் கொடுக்கலாம் என்றால் ‘முன் அனுமதி இல்லாமல் கூடாது’ என்பார்கள். பிராண்ட் பேருக்குக் கூகுளில் டிரேட்மார்க் தடை போட்டிருந்தால், அந்தப் பேர் வரும் விளம்பரம் நிராகரிக்கப்படும். உங்கள் 10 இலக்க கூகுள் ஆட்ஸ் (விளம்பரக் கணக்கு) எண்ணுக்குக் கம்பெனி அனுமதி தந்தால்தான் ஓடும். விளம்பரத்தில் பேர் வராமல் கீவேர்டாக (எதைத் தேடினால் விளம்பரம் வரவேண்டும் என்று கொடுக்கும் சொல்) மட்டும் போடலாம் என்று சில ஏஜென்சிகள் சொல்லும். கீவேர்டாகப் போடுவதும் டிரேட்மார்க்கைப் பயன்படுத்துவதே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. பிராண்ட் பேரும் ஊர்ப்பேரும் சேர்த்து டொமைன் (இணையதள முகவரி) வாங்குவதும் வீண் செலவு, டாட் இன் என்றால் நடுவர் தீர்ப்பில் பிடுங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

‘2 கிலோமீட்டருக்குள் வேறு கிளை கிடையாது’ என்ற வாக்குறுதி பெரும்பாலும் கடைக்குத்தான், டெலிவரிக்கு இல்லை. அடுத்த கிளையோ, டெலிவரிக்கு மட்டுமே சமைக்கும் கிளவுட் கிச்சனோ உங்கள் தெருவுக்கே பார்சல் அனுப்பும், அதைக் கேட்க முடியாது. ‘ஆன்லைன் ஆர்டர், கிளவுட் கிச்சன் உட்பட’ என்ற சொற்கள் ஷரத்தில் இருக்க வேண்டும். ஸ்விகி, சொமாட்டோவில் பதிவான வங்கிக் கணக்கு உங்களுடையதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் பேசி முடித்தபின், ‘கம்பெனியின் கொள்கைகள் அவ்வப்போது திருத்தப்படும், அவை கிளையைக் கட்டுப்படுத்தும்’ என்ற ஒற்றை வரியைத் தேடுங்கள். அது இருந்தால் நாளைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் விழும் ஒரு பிடிஎஃப், நீங்கள் பேசி வாங்கிய ஷரத்தை அடித்துவிடும். அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே விவரப் பத்திரம் கொடுத்தாக வேண்டும், விளம்பர நிதியும் எல்லையும் அதில் இருக்கும். நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டமே இல்லை. அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘கட்டணம், எல்லை, ஆன்லைன் கணக்குகள் தவிர’ என்று பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப் ஆர்டர் நம்பருக்கான சிம் மட்டும் எப்போதும் உங்கள் ஆதாரில் இருக்கட்டும்.