மாணவர் சிறுநீரகப் பரிசோதனை: ஸ்கானா, இரத்தமா?

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயக் குடும்பங்களை வாட்டிவரும், காரணம் முழுமையாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பாடசாலைப் பருவத்திலேயே தேடத் தொடங்குவதென்றால், எதைக் கொண்டு தேடுவது என்பதே முதற் கேள்வி.

இரத்தத்தில் அளக்கப்படும் கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ஆகவே மெலிந்த பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஆய்வுகூட அறிக்கையில் ஒரு டெசிலீற்றருக்கு 0.9 மில்லிகிராம் என்று கண்டால், பெரியவர்களுக்கான வரம்புக்குள் இருப்பதால் பலரும் அதை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் 140 சென்ரிமீற்றர் உயரமுள்ள மாணவியின் உயரத்தை 0.413ஆல் பெருக்கி அந்த 0.9ஆல் வகுத்தால், பிள்ளைகளுக்கான ஸ்வார்ட்ஸ் சூத்திரப்படி சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 64தான் வருகிறது. 90க்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. ஊசி குத்திவிட்டு உயரம் அளக்க மறந்த முகாம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை; பெற்றோருக்கு அதன்மேல் நம்பிக்கையும் அதிகம். சுமார் ஆயிரத்தில் ஒருவர் ஒற்றைச் சிறுநீரகத்துடன் பிறக்கிறார். இருக்கும் ஒன்றே இரண்டின் வேலையையும் செய்துவிடுவதால், இரத்தம் அதைக் காட்டிக்கொடுக்காது, ஸ்கான் காட்டிவிடும். அடைப்பால் வீங்கிய சிறுநீரகமும் கல்லும் அப்படியே. ஆனால் மேற்சொன்ன நோய் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் உருவாகும் நுண்குழாய்களைத் தாக்குவது. சிறுநீரகம் சுருங்கிப் படத்தில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒவ்வொரு பாடசாலைக்கும் கருவியோடு போக வேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜப்பான் 1974 முதல் பாடசாலைகளில் சிறுநீரைத்தான் பரிசோதிக்கிறது. மலிவானது, சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுகளின் அழற்சிகளைப் பிடிக்க அதுவே நல்ல வழி. ஆனால் வட மத்திய மாகாண நோயில் தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் சொற்பமாகவே கசிவதால், அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது.

எனவே அவ்வூர்களில் உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையை முதலில் வைத்து, குறை கண்டவர்களை மட்டும் ஸ்கானுக்கு அனுப்புவதே பொருத்தம் என்பது என் கருத்து. அந்நோய் இல்லாத இடங்களில் சிறுநீரே முதலில் வரட்டும். ஒரேயொரு அறிக்கையை வைத்துப் பிள்ளையை நோயாளியாக்கிவிடக் கூடாது. குறை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்டது. விளையாட்டுப் போட்டி முடிந்து நீரிழப்போடு நிற்கும் பிள்ளையிடமும், இறைச்சிக் கறியோடு சோறு உண்டு வந்த பிள்ளையிடமும் கிரியேட்டினின் கூடித்தான் காட்டும் என்பதால், இரத்தம் எடுக்கும் நாளைப் பாடசாலை நாட்காட்டியைப் பார்த்தே குறிக்க வேண்டும்.