ஸ்கில் மேட்ரிக்ஸ் சார்ட்: சில வருஷம் பயன்படுத்திய பிறகு

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம், வண்டிகளுக்கு ரப்பர் புஷ், ஓ-ரிங் போடும் சின்ன யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். யாருக்கு எந்த வேலை தெரியும் என்று காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் சார்ட் எங்கள் சுவரில் சில வருஷமாகத் தொங்குகிறது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் நாலு கூறு போட்ட வட்டங்கள். கால் நிரம்பியிருந்தால் பழகுகிறார், அரை என்றால் ஆள் பக்கத்தில் இருந்தால் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழுசு என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார்.

ஐஎஸ்ஓ 9001 என்ற தர நிர்வாகத் தரநிலையின் 7.2 பிரிவு பணியாளர் தகுதிக்கு ஆதாரம் கேட்கிறது. பல யூனிட்டுகளில் ஆடிட்டருக்காகத்தான் இதை மாட்டுகிறார்கள். எங்களிடமும் முதலில் அப்படித்தான். வட்டம் நிரம்பும், வேலை பரவாது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் தன் ஓ.டி. (ஓவர்டைம்) போய்விடும் என்று மூத்தவர்களுக்குப் பயம். நியாயமான பயம்தான்.

சொல்லிக்கொடுப்பவருக்குத் தனித் தொகை என்று முதலாளி ஒத்துக்கொண்ட பிறகுதான் சார்ட்டுக்கு உயிர் வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: பழகுபவர் முக்கால் வட்டத்தைத் தொட்டால்தான் பணம். அதற்கு முன்பெல்லாம், "நான் காட்டிட்டேன் சார், அவன்தான் பிடிச்சுக்கல" என்பதோடு முடிந்துவிடும்.

ஷிஃப்ட் முடிந்து உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நிற்பவரைப் புரொஜெக்டர் முன்னால் உட்கார வைத்த வகுப்புகள் வீண். இப்போது வேலை நேரத்திலேயே, மெஷின் பக்கத்தில் அரை மணி நேரம். கையில் ஒரு தாள்: படி, கவனிக்க வேண்டியது, காரணம் என மூன்று கட்டம். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஆலைகளில் தொடங்கிய டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) பயிற்சியின் வழி வந்தது இது.

உதாரணத்துக்கு பம்பிங் (bumping). மோல்டை மூடியதும் பிரஸ்ஸின் அழுத்தத்தை விட்டு விட்டு ஏற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய கார்டில் எத்தனை முறை என்பது மட்டும் இருந்தது. தாள் எழுத உட்கார்ந்தபோது மூத்த ஆபரேட்டர் பழகும் பையனிடம் சொன்னார்: "தம்பி, ஓரத்துல பிதுங்குற ரப்பரைக் கொக்கியால லேசா இழுத்துப் பாரு. இழுத்த இழுப்புக்கு அப்படியே நின்னா நேரம் இருக்கு. வெடுக்குனு சுருங்குச்சுன்னா வெந்துபோச்சு, இனிமே அழுத்தத்தை விட்டா பீஸ் பிளந்துரும்." இது அத்தனை வருஷமும் அவர் கையில் மட்டுமே இருந்தது.

எதிர்பாராத பலன் டிரிம்மிங் பகுதியில். கத்தரியால் பிசிறு வெட்டும் அக்காமார்களின் வேலைக்கு முதலில் சார்ட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர்களே கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் ஷோர் ஏ மீட்டர் வைத்து ரப்பரின் கடினத்தன்மை பார்க்கப் பழகி, இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கே போய்விட்டார்.

குறைகளும் உண்டு. நைட் ஷிஃப்டில் இது இன்னும் ஓடவில்லை. ஆள் பற்றாக்குறையில் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம்? வட்டம் முழுசானவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறு யூனிட்டுக்குப் போவதும் நடக்கிறது. முதலாளிக்கு அதில் வருத்தம். எனக்கு அவ்வளவு இல்லை, அவர் எழுதிய தாள் இங்கேதானே இருக்கிறது.

ஏழெட்டுப் பேர் மட்டும் வேலை பார்க்கும் இடத்துக்கு இது தேவையில்லை, மேஸ்திரிக்கே எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஷிஃப்ட் மாறி மாறி ஓடும் இடமென்றால் தாராளமாக வைக்கலாம். கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். அது ஆபீஸ் அறையில் இருக்கும், ஆபரேட்டர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.