துருப்பிடித்த பழைய டிரில் பிரஸ்: வினிகரா, மின்பகுப்பா?

துளையிடும் இயந்திரமான டிரில் பிரஸின் போல்ட், கைப்பிடி, சக் சாவி (துளையிடும் அலகைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) போன்ற சிறு பாகங்களுக்கு வினிகர் போதும். ஓர் இரவு ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்தால் துரு கழன்றுவிடும். ஆனால் அமிலம் துருவோடு நிற்காது, நல்ல இரும்பையும் அரிக்கும். நுட்பமாகக் கடைந்த சுழல்தண்டை அதில் போட எனக்கு மனம் வராது.

துளையிட வேண்டிய பொருளை வைக்கும் வார்ப்பிரும்பு மேசைக்கு மின்பகுப்பு, அதாவது நீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்கும் முறைதான் சரி. சலவைச் சோடா கரைத்த நீரில் அதை மூழ்கவைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனுடன் இணைக்க வேண்டும். நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு. அங்கே துருப்பிடிக்காத எஃகு கூடவே கூடாது; நச்சான குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் குமிழ்குமிழாய்க் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். நல்ல உலோகம் தேயாது. யாரோ எப்போதோ மேசையில் கீறிய அளவுக்கோடுகூட அப்படியே வெளிப்படும். எதில் ஊறவைத்தாலும் எடுத்தவுடன் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள்.