பழைய ஜிப்ஸியும் வீட்டு வாசல் பட்டறையும்: சில வருட அனுபவம்

ஜீப் வகை வண்டியான பழைய மாருதி ஜிப்ஸியை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டி ஓட்ட முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஆனால் காசு மிச்சம் பிடிக்கலாம் என்ற ஒரே எண்ணத்தோடு இறங்க வேண்டாம். நல்ல டூல்ஸ் வாங்கவே ஆரம்பத்தில் கணிசமாகப் பணம் போகும். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. வண்டியின் எந்த போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மலை இறங்க முடிகிறது.

என்னுடையது 1298 சிசி, எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன் கொண்ட துணிக்கூரை வண்டி. ஓடுவதெல்லாம் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டச் சாலைகளிலும் மேட்டுப்பாளையம் இறக்கத்திலும்தான். 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்த ஜிப்ஸி, 2019-ல் புக்கிங் நிறுத்தப்படும் வரை அடிப்படை அமைப்பில் பெரிதாக மாறவே இல்லை. தனி சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் பட்டை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை தாராளமாக நுழையும். சொந்தக் கையால் வேலை பழக இதைவிடத் தோதான வண்டி நம் ஊரில் குறைவு.

நான் செய்ததிலேயே பெரிய வேலை முன் ஆக்ஸில் கிங் பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் பின்னின் பேரிங். ஐம்பது, அறுபது வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீரிங் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். வேகத்தைக் குறைக்கும் வரை நிற்காது. ஒரு பட்டறையில் வீல் பேலன்ஸிங் செய்தார்கள், டை ராட் எண்ட் (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை) மாற்றினார்கள், கடைசியில் புது ஸ்டீரிங் டாம்பரும் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்த ஆட்டம் திரும்ப வந்தது. டாம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணத்தைத் தீர்க்காது.

வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லூஸ் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் பக்கம் கோளாறு. என் வண்டியில் மிதித்த பிறகும் ஆடியது.

கழற்றும்போது பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக்கூடாது. ஹப், ஸ்பிண்டில், ஆக்ஸில் ராட் எல்லாம் வந்த பிறகு, ஆக்ஸில் முனையில் உள்ள உருண்டையின் பின்பக்கம் சீலைப் பிடித்திருக்கும் எட்டு சின்ன போல்ட். அதன்பின் மேல் கிங் பின்னுக்கு நாலு, கீழ் கிங் பின்னுக்கு நாலு. மேல் பின், கீழ் பின், அவற்றின் அடியில் உள்ள ஷிம் தகடுகள், இவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தனித்தனித் தட்டில் வையுங்கள்.

உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிக் கலரில் ஒரு கூழ் இருந்தது. கீழ் பேரிங்கின் வெளிவளையத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ரோலர்கள் உட்கார்ந்த இடங்களில் வரிசையாகத் தழும்பு. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டியது. வண்டி பெரும்பாலும் நேராகவே போகிறது, அதனால் ரோலர்கள் அதே இடத்தில் நின்று அடி வாங்குகின்றன. தண்ணீரும் சேர்ந்தால் துரு அங்கேயே அரிக்கும். ஸ்டீரிங் நடுவில் வரும்போது ஏதோ பள்ளத்தில் உட்காருவதுபோல் தோன்றியதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

புது வளையத்தைப் பித்தளைத் துண்டு வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். இறங்கும் வரை 'டொக் டொக்' என்று கேட்கும் சத்தம், அடியில் உட்கார்ந்ததும் 'டங்' என்று கெட்டியாக மாறும். அதோடு நிறுத்திவிடலாம். பிறகு சீல் போடாமல் கிங் பின்களை டைட் செய்து, டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். 1 முதல் 1.8 கிலோ இழுப்பில் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) நகரத் தொடங்கினால் சரி. அதைவிடக் குறைந்த இழுப்பிலேயே நகர்ந்தால் ஷிம்மைக் குறையுங்கள். இந்தத் தராசு வேலையைச் செய்யும் பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆட்டம் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கூழ் எப்படி வந்தது? ஆக்ஸில் ராடின் உள் சீல் தேய்ந்து, டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில் உருண்டைக்குள் ஒழுகி, கிரீஸைக் கரைத்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றினால் போதாது, ஆக்ஸில் மேலிருக்கும் பிரீதரையும் (காற்றுப் போக்கி) பார்க்க வேண்டும். அது மண் அடைத்திருந்தால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அதே வண்டியை ஓடையில் இறக்கினால், ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். பிரீதர் சின்னப் பொருள்தான், மழைக்காலம் வருமுன் அதைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிவிடுவதை நான் தவறவிடுவதில்லை.

கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஆயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள், அப்புறம் வடிக்கும் பிளக். எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துச் சுழல மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். கியர்பாக்ஸுக்கும், முன் பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி ஆயில். ஒன்றில் ஊற்றினால் மற்றதற்குப் போகாது. வடியும் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் நிப்பிள்களுக்குக் கிரீஸ் அடிப்பது, பட்டையைப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை மறுபடி டைட் பார்ப்பது, பிரேக் ஆயில் மாற்றுவது எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

டிஃபரன்ஷியலின் கிரௌன் பினியன் பல்சக்கர செட்டிங், கியர்பாக்ஸ் பிரிப்பது, லேத் வேலை ஆகியவற்றை நான் தொடுவதில்லை. அவற்றுக்குப் பழகிய கையும் அளவுக் கருவிகளும் வேண்டும். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கியிருக்கும் அளவு) சரிபார்க்கவும் வெளியில்தான் போகிறேன்.

ஸ்பேர் விஷயத்தில் சீல்தான் தலைவலி. ஒரிஜினல் மாதிரியே பெட்டியில் வந்த ஒரு சீல், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் ரப்பர் விறைத்துப்போனது. பேரிங் அப்படியல்ல. பழைய பேரிங்கில் பொறித்த எண்ணோடு கோயம்புத்தூரில் பேரிங் கடைக்குப் போனேன். "பெட்டியைப் பாக்காதீங்க தம்பி, நம்பரையும் கம்பெனியையும் பாருங்க" என்று கடைக்கார அண்ணன் நல்ல பொருளாகவே எடுத்துக் கொடுத்தார்.

வாங்க நினைப்பவர்கள் ஆர்சி செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அது 5 வருடத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்தியக் கட்டணம் கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கினார்கள். வண்டி பார்க்கப் போகும்போது பெயிண்ட் பளபளப்பில் மயங்காமல், முன் சக்கரங்களின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். உருண்டையைச் சுற்றி ஆயில் வழிந்து மண் ஒட்டியிருந்தால், இரண்டு பக்கத்துக்கும் சீல், பேரிங் செலவைக் குறைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.