டர்பன் வீடுகளில் ஷாம்ராக்: பல பருவங்கள் வளர்த்துப் பார்த்தபின்

டர்பன் பக்கத்து நர்சரிகளில் ஷாம்ராக் என்று பெயர்ச்சீட்டு குத்தி விற்கும் தொட்டிகளில் இருப்பது ஒரே செடி அல்ல. ஊதா இலை ட்ரையாங்குலாரிஸ், நடுவில் கருஞ்சிவப்புக் குறி விழுந்த நான்கிலை டெட்ராஃபில்லா, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக் குளிர்காலப் பூச்செடிகள் ஆகிய மூன்றும் ஆக்ஸாலிஸ் பேரினம். நம் புளியாரைக்கும் இவை உறவு. அயர்லாந்தில் மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று சட்டையில் குத்திக்கொள்வது ட்ரைஃபோலியம் என்ற க்ளோவர். அது பயறு வகைக் குடும்பம். இலையைப் பார்த்தே பிரிக்கலாம். ஆக்ஸாலிஸின் இலைத்துண்டு நுனியில் பிளவுபட்டு இதய வடிவிலோ, அகன்ற முக்கோணமாகவோ இருக்கும். க்ளோவரின் இலைத்துண்டு நீள்வட்டம். பெரும்பாலும் நடுவில் வெளிறிய பிறைக்கோடு ஓடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. செடி செத்துவிட்டது என்று தூக்கி எறியப்படும் ஷாம்ராக் தொட்டிகளில் பெரும்பாலானவற்றில் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இலை விடும் காலம் வேறு, இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் காலம் வேறு. ஓய்வில் இருப்பதற்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அது உண்மையிலேயே அழுகிச் சாகும். வாங்கும்போது இனத்தின் முழுப்பெயரைக் கேட்டுத் தொட்டியில் எழுதி வையுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தது.

வீட்டுக்குள் வைப்பதற்கு முதல் இடம் ட்ரையாங்குலாரிஸுக்கு. பிரேசில் பக்கத்துச் செடி என்பதால் டர்பனின் ஈரக்காற்று அதற்குப் பழக்கமானது. மண்ணுக்கடியில் இருப்பது 2 முதல் 5 செ.மீ. நீளமுள்ள மட்டக்கிழங்கு, சிறு செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கியிருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பொசுக்கென்று அமுங்கினாலோ, உள்ளே பழுப்பாகிப் பொந்து விழுந்திருந்தாலோ அதை நட்டுப் பயனில்லை. 15 செ.மீ. அகலத் தொட்டிக்கு நான்கைந்து கிழங்கு போதும். 3 செ.மீ. ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று பார்க்கத் தேவையில்லை, முளை தானே வழி தேடிக்கொள்ளும்.

கலவைக்கு இரண்டு பங்கு தொட்டிமண், ஒரு பங்கு கொரகொரப்பான ஆற்று மணல் அல்லது பெர்லைட், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். வெறும் தொட்டிமண் டர்பன் கோடையில் நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும், அது ஆகாது. நட்டதும் அடித்துளை வழியாக வடியும்வரை ஒருமுறை நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை கையை வைக்காதீர்கள். பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் எட்டிப் பார்க்கும். அதன் பிறகு மேல்மண் 2 செ.மீ. உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். இலைமேல் தங்கும் நீர்தான் துரு நோய்க்கு வாசல்.

வெளிச்சம் பற்றிப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகளில் தெற்கு ஜன்னல் என்று போட்டிருந்தால், பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கும் நமக்கு அது வடக்கு ஜன்னல். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றித் தெற்குச் சுவர் ஜன்னலில் வைத்தால் செடிக்குப் போதிய நேர்வெயில் கிடைக்காது. காம்பு வெளுத்து ஒரு சாணுக்கு மேல் நீண்டு தொட்டிக்கு வெளியே சாய்ந்துவிடும். ட்ரையாங்குலாரிஸுக்கு மிகப் பொருத்தம் கிழக்கு ஜன்னல், இரண்டு மூன்று மணி நேரக் காலை வெயிலோடு. வடக்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை போடுங்கள். மேற்கு வெயில் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் ஒருபக்கம் சாயாது. மாதங்களையும் இதேபோல ஆறு தள்ளிப் படிக்க வேண்டும்.

புதிதாக வாங்கியவர்கள் பதறுவது மாலையில். இருட்டியதும் மூன்று இலைத்துண்டும் மடக்கிய குடைபோலக் காம்போடு ஒட்டித் தொங்கும், விடிந்ததும் விரியும். கடும் வெயில் பட்டாலும் பகலிலேயே மடங்கும். தாகம் என்றால் காம்பே துவண்டு தொட்டி விளிம்பில் விழுந்து கிடக்கும். காம்பு நிமிர்ந்து இலை மட்டும் மடங்கியிருந்தால் தண்ணீரைத் தொடாதீர்கள். இந்த வேறுபாடு தெரியாமல் தினம் மாலை ஊற்றியே பல தொட்டிகள் அழுகிப் போகின்றன.

உரம் இலை இருக்கும் காலத்தில் மட்டும், மாதம் ஒருமுறை, திரவ உரத்தைப் புட்டியில் சொல்லும் அளவில் பாதிக்கு நீர்த்து. இங்கே உரப்பையில் அச்சிடும் எண்களில் 3:1:5 போலச் சாம்பல்சத்து தூக்கலாக இருப்பது பூவுக்கு நல்லது. தழைச்சத்து மிகுந்ததைக் கொடுத்தால் இலை பெருத்துக் காம்பு தாங்காமல் விழும்.

இனி ஓய்வு. வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டி நீடிக்கும்போது ட்ரையாங்குலாரிஸ் சோர்கிறது. தை, மாசி மாதங்களில் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுவது இதனால்தான். இன்னொரு காலம் ஆகஸ்ட், செப்டம்பர். உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று இறங்கும் நாள்களில் குளிர் முழுதும் விலகும்முன்பே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும், காற்றில் ஈரமே இருக்காது. அப்போது ஜன்னலைச் சாத்தித் தொட்டியை உள்ளே தள்ளி வைத்தால் இலை தப்பும். தப்பாமல் எல்லா இலையும் சாய்ந்தாலும் கவலையில்லை. தண்ணீரை நிறுத்தி, காய்ந்ததை மண்மட்டத்தில் கத்தரித்து, நிழலான உலர்ந்த மூலையில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். புது முளை சிவப்பாகத் தலைகாட்டும்போது மறுபடி நனைக்கலாம். முளை வருவதற்கு முன் நனைக்க வேண்டாம்.

தொட்டி மாற்றவும் கிழங்கைப் பிரிக்கவும் நல்ல காலம் புரட்டாசி. வசந்தம் தொடங்கியிருக்கும், கடும் மழை இன்னும் பிடித்திருக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்தால் போதும். நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது. பிரிக்கும்போது உடைந்த துண்டில் செதில் இருந்தால் அதுவும் முளைக்கும்.

நோய்களில் மிகவும் தொல்லை தருவது துரு. மேலே வெளிறிய புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பினால் ஆரஞ்சு நிறப் பொடிப் புடைப்புகள், விரலில் ஒட்டும். ஒன்றிரண்டு இலையில் இருந்தால் கிள்ளி எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடலாம். பரவியிருந்தால் தயங்காமல் எல்லா இலையையும் மண்மட்டத்தில் வெட்டிவிடுங்கள், கிழங்கில் இருப்புச் சத்து உண்டு, சில வாரங்களில் புது இலை வரும். உலர்ந்த அறைகளில் செஞ்சிலந்திப் பேன் வரும்: இலை ஊதா மங்கிச் சாம்பல் பூத்ததுபோல ஆகும், அடியில் நுண்ணிய நூல் தெரியும். குழாய்த் தண்ணீரில் இலையின் அடிப்பக்கத்தைச் சாய்த்துக் கழுவி, காலை நேரத்தில் காற்றாட உலர்த்துங்கள். மாவுப்பூச்சி காம்பின் அடியில் ஒளியும். எரிசாராயத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போகும்.

டெட்ராஃபில்லா மெக்சிகோச் செடி, தோட்டத்துக்கு ஏற்றது. செப்டம்பர், அக்டோபரில் குமிழ்களை 5 செ.மீ. ஆழத்தில், 8 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். அரைநாள் வெயில் வேண்டும். கோடை முழுதும் இலையும் இளஞ்சிவப்புப் பூவும் இருக்கும். மே, ஜூனில் மறைந்துவிடும். டர்பனின் பெரியா (Berea) எனப்படும் செம்மணலில் நீர் தேங்காது, குமிழைத் தோண்டாமலே விடலாம். பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பள்ளமான தோட்டங்களில் பனி உறையும், அங்கே உலர்ந்த புல்லை ஒரு சாண் உயரத்துக்கு மூடி வையுங்கள். நட்ட புதிதில் ஹடீடா பறவைகள் புழுவுக்காக மண்ணைக் கிளறிக் குமிழை வெளியே எடுத்துப் போடும். கோழிவலையை மண்மேல் விரித்து ஓரத்தில் கல் வைத்தால் இலை அதன் கண் வழியே மேலே வரும்.

கேப் இனங்கள்தான் இந்த நாட்டின் பெருமை. ஆக்ஸாலிஸ் பேரினத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 200 இனங்களுக்கு மேல் உண்டு, அவற்றில் பெரும்பகுதி கேப் பக்கம். பர்பூரியா தரையோடு ஒட்டிய இலைகளின்மேல் பெரிய இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பூ விடும். வெர்சிகலர் மொட்டு விரியும்முன் வெள்ளையில் சிவப்புக் கோடு சுற்றியிருக்கும், விரிந்தால் கோடு அடியில் மறையும். அப்டூசா செங்கல் நிறம் முதல் மஞ்சள் வரை பல நிறங்களில் கிடைக்கிறது. இவ்வளவு அழகையும் டர்பனில் பெற ஒரு தடையைத் தாண்ட வேண்டும். கேப்பில் மழை குளிர்காலத்தில், கோடை வறட்சி. நமக்கு நேர் எதிர். தரையில் நட்டால் குமிழ் தூங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதன்மேல் நம் மழை கொட்டும். மார்ச்சில் தோண்டினால் கையில் வருவது கூழ்.

ஆகவே இவற்றைத் தொட்டியில் மட்டும் வையுங்கள். 20 செ.மீ. ஆழமாவது வேண்டும், ஏனென்றால் சுருங்கும் வேர்கள் குமிழை ஆண்டுதோறும் கீழே இழுக்கும். ஆழம் குறைந்த தொட்டியில் அவை அடித்துளையில் போய் நெருங்கிக் கிடக்கும். கலவையில் பாதி கொரகொர மணல். பங்குனியில், இரவு குளிரத் தொடங்கியதும், 3 செ.மீ. ஆழத்தில் நட்டுத் தண்ணீர் விடுங்கள். முழு வெயில் அவசியம். மேகமூட்டத்திலும் வீட்டுக்குள்ளும் பூ திறக்காது, மொட்டாகவே வாடிவிடும். வடக்குப் பார்த்த முற்றமோ, மாடி விளிம்போ சரியான இடம். மே முதல் ஆகஸ்ட் வரை பூக்கும். செப்டம்பரில் இலை மஞ்சளாகும்போது தண்ணீரைக் குறைத்து நிறுத்தி, வசந்த மழை தொடங்கும்முன் தொட்டியைக் கூரைச் சாய்ப்பின் அடியில் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடுங்கள். அப்படியே மார்ச் வரை உலர்ந்திருக்கட்டும். இதைச் செய்ய முடியாதவர்கள் கேப் இனங்களை வாங்காமல் இருப்பதே நல்லது. தரையில்தான் வேண்டும் என்பவர்களுக்கு நம் க்வாசூலு-நேட்டால் மாகாணப் புல்வெளிகளிலேயே விளையும் செமிலோபா இருக்கிறது, கோடையில் வளர்ந்து இளஞ்சிவப்பாகப் பூக்கும், நம் மழை அதற்குச் சொந்த மழை.

மஞ்சள் பூ பெஸ்-காப்ரே, அதாவது கேப்பில் சூரிங் எனப்படுவது, அங்கே வாட்டர்பிளொமெக்கி பிரீடி என்ற நீர்ப்பூ இறைச்சிக் குழம்பில் புளிப்புக்குச் சேர்க்கும் செடி. அதன் சிறு குமிழ்கள் எண்ணற்றுப் பெருகும், மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய களையாகிவிட்டது. தோட்டத்தில் இறக்க வேண்டாம்.

உண்மையான க்ளோவர் டர்பன் கரையோரத்தில் கோடையில் நலிந்துவிடும்; ஹோவிக் போன்ற குளிர்ந்த மேட்டுப்பகுதிகளில் நன்றாக வரும். மார்ச், ஏப்ரலில் விதைத்து அரை செ.மீ. மண் தூவினால் போதும். வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும், தழைச்சத்து உரம் போட வேண்டாம்.

தோட்டத்தில் தானே முளைக்கும் லாட்டிஃபோலியா பார்வைக்கு ஷாம்ராக் போலவே இருக்கும், இளஞ்சிவப்பாகப் பூக்கும். அதைத் தொட்டிக்கு மாற்றி அழகு பார்க்காதீர்கள். குமிழைச் சுற்றி மெல்லிய தண்டுகளின் நுனியில் குட்டிக் குமிழ்கள் தொங்கும், பிடுங்கினால் அவை மண்ணிலேயே நின்றுவிடும். முள்கரண்டியால் மண்கட்டோடு தோண்டிச் சல்லடையில் சலித்து, எடுத்ததைக் குப்பைப்பையில் கட்டிப் போடுங்கள். எருக்குழியில் போட்டால் எருவோடு தோட்டம் முழுக்கப் போய்ச் சேரும். கொல்லையில் மீலீஸ், அதாவது மக்காச்சோளம் போடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மக்காச்சோளத்தின் சாதாரணத் துருப் பூஞ்சைக்கு ஆக்ஸாலிஸ்தான் மாற்று ஓம்புயிர், அதாவது அது தங்கி வளரும் இன்னொரு செடி. புளியாரை உட்பட எதையும் மக்காச்சோளப் பாத்தியோரம் விடாதீர்கள்.

தொட்டிகளில் வந்து உட்காரும் புளியாரையைக் காய் முற்றும்முன் பிடுங்க வேண்டும். முற்றிய காய் தொட்டாலே வெடித்து விதையைப் பக்கத்துத் தொட்டிகளில் தெறிக்கும். மருந்து தெளிக்காத இடத்துப் புளியாரையைத் துவையல் அரைக்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்ஸாலிக் அமிலம் கருதித் தவிர்க்க வேண்டும். நர்சரி ஆக்ஸாலிஸ் எதையும் சமையலுக்கு எடுக்க வேண்டாம், என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. நாய், பூனை நிறையத் தின்றால் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும். மெல்லும் பழக்கமுள்ள நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் தொங்கு தொட்டியில் வையுங்கள்.