தாராவிப் பரணில் 22 வருடம்: சுரபுன்னைக் கம்புகளோடு என் அனுபவம்

எங்கள் பட்டறைப் பரணைத் தாங்கி நிற்பது சுரபுன்னைக் கம்பு, கடலோரக் கழிகளில் உப்புநீரில் வளரும் கண்டல் மர வகை. 2003-இல் போட்டது. தாராவியில் ஒன்பதடி அகல அறையில் தோல் பை தைப்பவனுக்குப் பரண்தான் இரண்டாவது அறை. தோல் கட்டு, லைனிங் துணி, ஜிப் மூட்டை எல்லாம் மேலே, மெஷினும் ஆளும் கீழே. எப்போதும் முந்நூறு கிலோவுக்குக் குறையாத பாரம். 22 மழைக்காலம் பார்த்துவிட்ட பிறகு, இந்த மரத்தைப் பற்றி நம்பிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ரே ரோடு பக்கம் பழைய மரம் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து வந்த கம்புகள் என்றார் கடைக்காரர். ஒவ்வொன்றும் ஒன்பதடிக்கு மேல் நீளம், நாலு அங்குலக் கனம், தூக்கினால் 20 கிலோ. தேக்கை விட மலிவாகக் கிடைத்ததால் பன்னிரண்டு எடுத்தேன். வீட்டில் இறக்கியதும் அம்மா ஒரு கம்பின் வெட்டுவாயைப் பார்த்தார். எங்களுக்குப் பூர்வீகம் சிதம்பரம் பக்கம் கிள்ளை, பிச்சாவரம் காட்டுக்குக் கூப்பிடு தூரம். "இது சுரபுன்னைடா. ஒரு துண்டைத் தண்ணியில போட்டுப் பாரு" என்றார். பக்கெட்டில் போட்டோம், நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. சுரபுன்னை 800-இல் தொடங்கி 1,000-ஐயும் தாண்டும். காரணம் அது வளரும் இடம். உப்புநீரிலிருந்து தண்ணீர் உறிஞ்சுவது மரத்துக்குப் பெரும்பாடு. குழாய் அகலமாக இருந்தால் நடுவில் காற்று புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும். அதனால் இதன் நீர்க்குழாய்கள் குறுகலாகவும் நெருக்கமாகவும் இருக்கின்றன, மற்ற இடமெல்லாம் கனத்த நார். காற்றுக்கு இடம் குறைவு, எடை கூடுதல்.

பரண் போட வந்தவன் என் மனைவியின் தம்பி. தச்சு வேலையில் நல்ல கை. முதல் ஆணியை அடித்தான், வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. "மச்சான், இதுல ஆணி இறங்காது. தொளை போட்டு போல்ட்டுதான்" என்றான். டிரில் பிட் புகைந்தது, இரண்டு பிட் மழுங்கியது. நான்கு கம்பைத் தூணாக வெட்டி நிறுத்தி, ஏழைக் குறுக்கே விட்டமாகப் போட்டு முடிக்க ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆனது. கூலி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

மீந்த ஒரு கம்பைப் பலகையாக அறுத்துப் படி செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். அறுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் ஒரு பலகை வில்லாக வளைந்தது, இன்னொன்று முறுக்கிக்கொண்டு நடுவில் பிளந்தது. காயும்போது இந்த மரம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதை விடச் சுற்றளவு வாக்கில் அதிகம் சுருங்கும். உருண்டையாக இருக்கும்போது அந்த இழுவை சுற்றிலும் பரவி, நீளவாக்கில் சில வெடிப்போடு முடிந்துவிடும். அறுத்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். என் விட்டங்களிலும் விரல் நுழையும் வெடிப்புகள் உண்டு, முதல் நான்கைந்து வருடத்தில் வந்தவை. அதன் பிறகு ஒரு நூல் கூட அகலவில்லை. வெடிப்பு நார் ஓடும் திசையிலேயே போவதால் பாரம் தாங்குவதில் குறை தெரியவில்லை. ஆகவே என் தீர்ப்பு இதுதான்: சுரபுன்னையைக் கம்பாகவே பயன்படுத்த வேண்டும், பலகைக்கு இது ஆகாது.

உலகம் முழுக்க இதைப் பயன்படுத்தியவர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். என் மாமா எண்பதுகளில் துபாயில் இருந்தார். அங்கே பஸ்தகியா பகுதியின் பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவது 'சந்தல்' என்று அவர்கள் சொல்லும் இதே கம்புதான். லாமு தீவு, ருஃபிஜி கழிமுகம் என ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் வெட்டி, பாய்மரக் கப்பலில் ஏற்றி, வளைகுடாவுக்குக் கொண்டு போனார்கள். கம்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதனால் அந்த வீடுகளில் அறைகள் பத்தடி அகலத்தை ஒட்டியே நீள நீளமாக இருக்கும். மாமா இதைச் சொன்னபோது எங்கள் அறையை நிமிர்ந்து பார்த்தேன், இங்கேயும் அதே கணக்குதான். கென்யா 1982-இல் இந்தக் கம்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

26 ஜூலை 2005. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எங்கள் பட்டறையில் இடுப்பளவு தண்ணீர், மறுநாள்தான் வடிந்தது. கீழே இருந்த பிளைவுட் அலமாரி அப்பளமாக உப்பிப் பிரிந்தது. நான்கு தூணும் அசையவில்லை. மேலே வைத்த தோல் ஒன்றுகூட நனையவில்லை. அன்றைக்கு அந்தப் பரண்தான் எங்கள் பிழைப்பைக் காப்பாற்றியது.

குறைகளும் உண்டு. முதல் மழைக்காலத்திலேயே போல்ட்டைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு கறை கசிந்து சுண்ணாம்புச் சுவரில் கோடு கோடாக வழிந்தது. மரம் அழுகுகிறது என்று பயந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், தாராவியில் தோல் பதனிடும் கூடங்கள் இருந்த காலத்தில் அங்கே வேலை பார்த்தவர், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆவாரம்பட்டை மாதிரி துவர்ப்புப்பா. இரும்பு பட்டா மை ஆயிரும்" என்றார். அதேதான். சுரபுன்னையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி, பட்டையில் இன்னும் மிகுதி. தோல் பதனிடவும், மீன்வலை மக்காமல் இருக்கச் சாயம் ஏற்றவும் அந்தப் பட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் அது பழங்கால எழுத்து மைதான். எல்லா போல்ட்டையும் எவர்சில்வருக்கு மாற்றினேன். எலுமிச்சை தேய்த்ததில் மரத்திலிருந்த கறை பாதி போனது. சுவர் கறைக்கு வெள்ளையடிப்பதைத் தவிர வழியில்லை.

2011-இல் ஒரு விட்டத்தின் கீழே மாவு கொட்டிக் கிடந்தது. அந்த ஒரு கம்பில் மட்டும் பட்டையை உரிக்காமல் விட்டிருந்தோம். வைரம் பாயாத வெளிப்புற மரத்தில் வண்டு இறங்கியிருந்தது. பட்டையைச் செதுக்கி எடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை மூன்று முறை பூசினோம். அதோடு நின்றது. உள்ளே சிவந்த வைரத்தைப் புழு தொடவே இல்லை. வாங்குபவர்கள் முதல் நாளே பட்டையை உரித்துவிடுங்கள்.

பெரிய அடி தூணின் காலில் விழுந்தது. தரையில் அரையடி புதைத்து நிறுத்தியிருந்தோம். 2014-இல் ஒரு தூணைத் தட்டினால் அடியில் மந்தமான ஓசை. தோண்டிப் பார்த்தால் நாலு அங்குலம் பஞ்சாகியிருந்தது. கடலில் வளர்ந்த மரத்துக்கு ஈரம் என்ன செய்யும் என்ற நினைப்பு தவறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சேற்று நிலத்தில் கட்டடம் எழுப்ப இதே கம்பை அடித்து இறக்குவார்கள், பாக்காவ் என்பது அங்கே பெயர். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே முழுக்க மூழ்கியிருந்தால், காற்று இல்லாமல் பூஞ்சை வளராது, கம்பு பல பத்தாண்டு தாங்கும். ஒரு நாள் ஈரம், ஒரு நாள் உலர்வு என்று மாறும் இடத்தில்தான் அழுகல் பிடிக்கிறது. எங்கள் தரை அப்படிப்பட்டது. அழுகிய கால்களை வெட்டிக் கருங்கல் துண்டின் மேல் நிறுத்தினோம்.

தூண் வெட்டிய துண்டுகளில் மச்சான் ஒரு கொட்டாப்புளி செய்துகொண்டான். இன்றும் அதைத்தான் உளிக்கு அடிக்கிறான், முகம் சிதறவில்லை. என் மனைவிக்கு ஒரு சப்பாத்திக் கட்டை கடைந்து கொடுத்தான். முதல் வாரம் மாவு இளஞ்சிவப்பாகி லேசாகத் துவர்த்தது. தினமும் தண்ணீர் மாற்றி ஐந்து நாள் ஊறவைத்ததும் சரியானது. கனமான கட்டை என்பதால் அழுத்தாமலே மாவு விரிகிறது என்பார். கடைசிச் சில்லுகளை வெந்நீர் அடுப்பில் போட்டோம், ஒரு கைப்பிடிக் கங்கு இரவு முழுக்கக் கனன்றது. மலேசியாவின் மாத்தாங் காட்டில் சுமார் 40,000 ஹெக்டேரில் முப்பது வருடச் சுழற்சியில் வெட்டி, மறுபடி வளர்த்து, கரி சுடுவது நூறு வருடத்துக்கும் மேலாக நடப்பதன் காரணம் அன்று புரிந்தது.

இதைப் படித்துவிட்டுப் புதுக் கம்பு தேடிப் போகாதீர்கள். மும்பையில் கண்டல் மரத்தை வெட்டுவதே குற்றம். உயர்நீதிமன்றம் 2005-இல் இடைக்காலத் தடை விதித்து, 2018 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பே கொடுத்துவிட்டது. அதோடு மாஹிம் கழி, தாணே கழி ஓரம் நிற்பதில் பெரும்பங்கு வெண்கண்டல் என்ற வேறு வகை. அதன் மரம் அடுக்கடுக்காகப் பிரியும், உத்திரத்துக்கும் உதவாது, பலகைக்கும் உதவாது. மராத்தியில் இந்தக் காட்டைக் காந்தள்வன் என்கிறார்கள், நம் கண்டலைக் கேட்பது போலவே இருக்கும். 2005 வெள்ளத்தில் நின்றவன் நான். தாராவியை ஒட்டி ஓடும் மிட்டி ஆற்றங்கரையில் ஒரு கண்டல் குறைந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நாலு வருடம் முன்பு பக்கத்துப் பட்டறைக்குப் பரண் போடக் கேட்டார்கள். சவுக்குக் கம்பு வாங்கச் சொன்னேன். நம் கடற்கரை மாவட்டங்களில் தோப்பாகவே வளர்ப்பது, யார் காட்டையும் வெட்ட வேண்டாம். எடையிலும் உறுதியிலும் கிட்டத்தட்ட இதற்கு ஈடு, வெடிப்பும் இதே மாதிரிதான். பட்டை உரித்து, போராக்ஸ் பூசி, கல்லின் மேல் நிறுத்தினோம். இதுவரை குறையில்லை.

போன மாதம் எங்கள் விட்டங்களுக்குக் கீழே நூல் பிடித்துப் பார்த்தேன். நடுவில் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஜூன் மழைக்கு முன்னால் மூன்றாவது தூணின் அடிக்கல்லை மட்டும் மாற்ற வேண்டும். மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.