மக்சிமா: கணக்கில் கெட்டி, தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்வதில் கஞ்சன்

ஏ.எல். இணைந்த கணிதம் படிப்பிக்கிறவர்களோ கம்பஸ் பிள்ளைகளோ காசு கொடுக்காமல் பாவிக்க ஏதாவது கணித மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டால் நான் சொல்வது மக்சிமாதான். தொகையீடு, எல்லை, தாயம், வகையீட்டுச் சமன்பாடு எல்லாம் வடிவாகச் செய்யும், ஒருக்கா நிறுவிவிட்டால் இன்டர்நெட்டே தேவையில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். 1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ‘மாக்சைமா’ என்ற பழைய கணித மென்பொருளின் வழி வந்தது இது. வில்லியம் ஷெல்ட்டர் என்ற பேராசிரியர் 1982இலிருந்து 2001இல் இறக்கும் வரை இதைத் தனியாகப் பராமரித்தார், 1998இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்திடம் அனுமதி வாங்கி ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் விட்டதால்தான் இன்று நாங்கள் சும்மா இறக்கிப் பாவிக்கிறோம்.

சரி, குறை என்ன? இதற்குள் என்னென்ன சார்புகள் இருக்கின்றன என்று இதனிடமே கேட்டு ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள், அப்போது விளங்கும்.

புதிதாக வருகிற எல்லாரும் முதலில் ‘ஃபங்ஷன்ஸ்’ என்று அடித்து, அரைப்புள்ளி போட்டு, ஷிஃப்ட் என்டர் தட்டுவார்கள். வெறும் சதுர அடைப்புக்குறி இரண்டு வரும், உள்ளே ஒன்றுமில்லை. நீங்களாக எழுதிய சார்புகளை மட்டும்தான் அந்தப் பட்டியல் காட்டும். எஃப் ஆஃப் எக்ஸ் என்று ஒன்றை வரையறுத்துவிட்டு மறுபடி கேட்டால் அது மட்டும் வந்து நிற்கும். மென்பொருளோடு கூட வந்த நூற்றுக்கணக்கானவற்றைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை வைத்தவர் பாவிக்கிறவனைப் பற்றி யோசித்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

உண்மையில் உதவுவது ‘அப்ரோப்போஸ்’ என்ற கட்டளை. ரவுணில் பழைய ஹாட்வெயர் கடை முதலாளி மாதிரி, பாதிப் பெயரைச் சொன்னால் போதும், அதோடு சம்பந்தப்பட்டதை எல்லாம் தூக்கி வந்து மேசையில் போடும். மேற்கோள் குறிக்குள் ‘டே’ என்பதற்கான மூன்று எழுத்தைக் கொடுத்தால் டெய்லர் வரும், டெய்லர் இன்ஃபோ வரும், டெய்லர் டெப்த் வரும், மேக்ஸ் டே ஓடர் வரும். இதில் டெய்லர் ஒரு சார்பு, டெய்லர் டெப்த் வெறும் அமைப்பு மாறி, மேக்ஸ் டே ஓடர் ஓன் ஓஃப் பண்ணுகிற ஒரு சுவிட்ச். எல்லாம் ஒரே குவியல், எது எது என்று பிரித்துச் சொல்ல மாட்டாது. வெறும் மேற்கோள் குறியைக் கொடுத்தால் தெரிந்த பெயர் அத்தனையையும் கொட்டும். வருவது முறையான பட்டியல் என்பதால் ‘லெங்த்’ போட்டு எண்ணலாம், ‘சப்லிஸ்ட்’ போட்டு வடிகட்டலாம், ஒவ்வொரு பெயரையும் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ கட்டளையிடம் கொடுத்து இது என்ன சாதி என்று விசாரிக்கலாம். செய்யலாம்தான், ஆனால் ஒரு பட்டியலுக்கு இவ்வளவு சோலி ஏன்?

இன்னொன்று, பொதிகள், அதாவது தேவைப்படும்போது தனியாக லோட் செய்கிற மேலதிகத் தொகுப்புகள். நிகழ்தகவுக்கான ‘டிஸ்ட்ரிப்’ பொதியை லோட் செய்யாமல் அதற்குள் இருப்பவற்றை அப்ரோப்போஸில் தேடி மினக்கெட வேண்டாம். அதற்கு இரண்டு கேள்விக்குறி போட்டு, ஒரு இடைவெளி விட்டு, சொல்லை அடிக்க வேண்டும். அது கையேட்டையே தேடுவதால் லோட் செய்யாத பொதியில் உள்ளதும் அகப்படும். ஆனால் விடைகளுக்கு இலக்கம் போட்டுக் காட்டிவிட்டு, எந்த இலக்கம் வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொண்டு நிற்கும். ஆள் இருந்து அடிப்பதற்கு அருமையான வசதி, நிரலுக்குள் வைத்து ஓட்டுவதற்குச் சரிவராது.

இதற்குத்தான் பைதன் மொழி இருக்கிறதே, அதன் கணித நூலகமான சிம்பையில் ‘டிர்’ என்று கேட்டால் எல்லாம் வருமே என்பவர்களுக்கு: வரும், வகுப்பு (கிளாஸ்), தொகுதி (மொடியூல்) எல்லாம் கலந்துதான் வரும். அப்புறம் சார்புகளை மட்டும் எடுப்போம் என்று ‘இன்ஸ்பெக்ட்’ தொகுதியின் ‘இஸ் ஃபங்ஷன்’ சோதனையை வைத்தால் இன்டக்ரேட், சோல்வ், லிமிட் எல்லாம் பட்டியலில் நிற்கும், சைன், கோசைன், லொக் மூன்றும் காணாமல் போகும், ஏனென்றால் சிம்பையில் அவை வகுப்புகள். சைன் இல்லாத சார்புப் பட்டியலை வைத்து என்ன செய்வது?

ஆகவே மக்சிமாவை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன். கணக்குச் செய்வதற்குப் பத்துக்கு ஒன்பது, தன்னைத் தானே விளக்குவதற்கு நாலு. டபிள்யூ எக்ஸ் மக்சிமா முகப்போடு போடுங்கள், மெனுவிலேயே அடிக்கடி தேவைப்படுவது பாதி இருக்கிறது. பட்டியல்தான் வேண்டும் என்றால் ‘வித் எஸ்.டி.டி. அவுட்’ கட்டளைக்கு ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்து, அப்ரோப்போஸ் தருவதை ஒரு ஃபோர் சுற்றில் வரிக்கு ஒன்றாக அச்சிட்டால் எழுத்துக் கோப்பாகக் கையில் கிடைக்கும். அதைப் பெடியளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் முதலில் அந்த மாறிகளையும் சுவிட்சுகளையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இரவிரவாக உங்களுக்குத்தான் கோல் வரும்.